தறியை அவிழ்த்து மேலே வையுங்கள்

சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. ஆலோசகரின் கையிலிருந்த லேசர் பேனாவின் புள்ளி அது. நெதர்லாந்துக் கடலோரத்தில் இருக்கும் மாபெரும் வெள்ளக் கதவு ஒன்றின் படத்தின்மேல் இடமிருந்து வலமாகப் போய், கதவு எப்படி மூடும் என்று காட்டிவிட்டு, படத்தின் விளிம்பைத் தாண்டியது. காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் சுவரில் முந்தைய ஆண்டு வெள்ளம் விட்டுப்போயிருந்த பழுப்புக் கறையின்மேல் ஒரு நொடி நின்றது. ஆலோசகர் அதைக் கவனிக்கவில்லை. கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த நெசவாளர்கள் எல்லோரும் கவனித்தார்கள். அவர்களுக்கு அந்தக் கறை தெரியும். எந்தப் படிக்கட்டுவரை தண்ணீர் வந்தது, எத்தனை நாள் நின்றது என்று தெரியும். முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்தார். "சார், அந்தக் கதவு நல்லாத்தான் இருக்குது. எங்க வீட்டுக் கதவே ஊறிப்போயி மூட மாட்டேங்குது. அதுக்கு எதுனா சொல்லுங்க" என்றார். மண்டபம் சிரித்தது. ஆலோசகரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அடுத்த படம் ஜப்பான்.

அந்த ஆலோசகரை எங்கள் வெள்ளத் தடுப்புத் திட்ட அலுவலகத்தில் எல்லோரும் அவர் காதில் விழாதபடி 'நெதர்லாந்து சார்' என்றுதான் சொல்வோம். கெட்டவர் இல்லை. பல நாடுகளில் வேலை செய்தவர். எதைச் சொன்னாலும் "நான் கண்ணால பார்த்தேன்மா" என்பார், அது உண்மையும்கூட. காலையில் இட்லியைச் சட்னி தொடாமல் சாப்பிடுவார். மழைக்காலத்திலும் வெள்ளைக் காலணி போடுவார். ஆற்றங்கரைக்குப் போனால் சேறு படாத ஒரு கல்லைத் தேடி நின்றுகொண்டு, அங்கிருந்தே எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுவார். நான் அவருக்குக் கீழே ஒப்பந்த வேலையில் இருந்த கட்டடப் பொறியாளர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து முசரவாக்கம் காலனியில், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர், பிறகு மூட்டை தூக்கினார். அம்மா இன்றைக்கும் கைநாட்டு. அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. சொல்லப்போனால், கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன். சார் ஆங்கிலத்தில் கொடுப்பதைத் தமிழில் எழுதுவதும், அதை வீதிகளில் போய்ச் சொல்வதும் என் வேலை. "பாலம் நீதான்மா" என்பார். பாலத்தின்மேல் எல்லோரும் நடப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவர் காட்டிய நாடுகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஜப்பானில் நகரத்துக்கு அடியில் கோயில் மண்டபம்போலத் தூண்கள் நிற்கும் ஒரு தொட்டி. ஆறு பெருகினால் தண்ணீரை அதற்குள் இறக்கிவிடுவார்கள். எச்சரிக்கைக்கு ஐந்து நிலைகள். நான்காம் நிலை சொன்னால் ஆபத்தான இடத்தில் யாரும் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் வெள்ளத்துக்குக் காப்பீடு, அதற்கு ஒரு வரைபடம், அந்த வரைபடத்தோடு வீட்டுக்காரர்கள் போடும் சண்டை. நெதர்லாந்தில் கரையை உயர்த்தி உயர்த்திச் சலித்துப்போய், சில இடங்களில் கரையையே பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்; அங்கே இருந்த விவசாயிகள் சிலருக்கு மேட்டில் புது வீடு. 'ஆற்றுக்கு இடம்' என்ற இரண்டு சொல்லை நான் தமிழில் எழுதியபோது பெருமையாக இருந்தது. அந்தக் கூட்டத்திலேயே ஒரு பெரிய மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். "அதேதான் நாங்களும் சொல்றோம். வேகவதி ஆத்தோரம் இருக்கறதுங்கள காலி பண்ணிட்டா ஆத்துக்கு எடம் வந்துடும்." அங்கே மேட்டில் வீடு என்று பொருள்பட்ட சொல் இங்கே புல்டோசர் என்று பொருள்பட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஏரிக்குள்ளேயே எழும்பி நிற்கும் பெரிய கட்டடங்களைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. இன்னொருவர் எழுந்து, பல்லவர் காலத்துக் கூரம் செப்பேட்டிலேயே ஏரியும் கால்வாயும் எழுதியிருக்கிறது, நமக்கு யார் பாடம் சொல்வது என்று முழங்கினார். அந்த ஏரிகளின் வாய்க்காலைக் கடைசியாக எப்போது தூர் வாரினோம் என்று நான் கேட்டேன். தேநீர் வந்துவிட்டது.

கூட்டத்துக்குப் பிறகு சார், ஜப்பானைப் பார்த்து ஐந்து நிலை எச்சரிக்கை ஒன்றை எங்களுக்கும் தயாரித்தார். "மூணுன்னா பாஸா ஃபெயிலாம்மா?" என்று நெசவாளர்கள் என்னிடமே கேட்டார்கள். மூன்றாம் நிலைக்கு, வாகனங்களையும் கருவிகளையும் பாதுகாப்பான உயரத்துக்கு மாற்றவும் என்று அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நெசவாளர் வீதிக்குத் தகுந்தாற்போல எழுது என்றார். நான் ஒரே மூச்சில் எழுதினேன்: 'மூன்றாம் நிலை: தறியை அவிழ்த்து மேலே வையுங்கள்.' யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மாடு உண்டு, தறி கிடையாது. மழை வலுத்தால் அப்பா மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுவார்; அதைப் பார்த்து வளர்ந்த கை அப்படித்தான் எழுதும். ஆனால் நான் பிறந்த நாளிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்துபோகிறவள். பட்டு நெய்யும் வீட்டு வாசலில் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். தறி தரையில் நட்டது. நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிறார். பாவு என்கிற நீளவாட்டு இழைகள் அறையின் நீளத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றும் விழுது என்கிற நூல் வளையத்தின் கண்ணிலும் அச்சு என்கிற சீப்பின் பல்லிடுக்கிலும் தனித்தனியாகக் கோத்தது. அதை அவிழ்க்க முடியாது. அவசரத்துக்கு ஒரே வழி அறுப்பது. அந்த வாக்கியம் ஆயிரம் துண்டறிக்கையில் அச்சானது. ஒரு பெரியவர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தறி என்னா மாடாம்மா, அவுத்துக்கினு போயி வேற எடத்துல கட்ட?" நான் அதை ஊர்க்கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

அந்த ஐப்பசியில் மூன்றாம் நிலை என்று செய்தி வந்தது. மேல்பக்கத்து ஏரிகளிலிருந்து தண்ணீர் திறக்கப்போகிறார்கள், வேகவதி பெருகும். ஷேர் ஆட்டோ ஒன்றில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வீதி வீதியாக அந்த வாக்கியத்தை நானே வாசித்துக்கொண்டு போனேன். யாரும் அசையவில்லை. திண்டாட்டமாக இருந்தது. கடைசியில், ஆற்றிலிருந்து இரண்டாவது தெருவில், கூட்டத்தில் கதவைப் பற்றிக் கேட்ட அக்காவின் வீட்டுக்குள் போனேன். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். கல்யாணப் புடவை, பாதி ஆகியிருந்தது. "நெஜமா வருதாம்மா?" என்றார். கட்டாயம் வருகிறது, என்னை நம்புங்கள் என்றேன். வரலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் காலையிலிருந்து ஒருவர்கூட நான் சொன்னதைக் கேட்கவில்லை, படித்த பெண் சொல்வதை யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு வேகம். அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழியிலிருந்து எழுந்தார். நான் அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன்.

தண்ணீர் வரவில்லை. வேறு வாய்க்காலில் திருப்பிவிட்டார்கள் என்று மறுநாள் சொன்னார்கள். நல்ல செய்தி சொல்ல அக்கா வீட்டுக்கு ஓடினேன். அறை நெடுக இருந்த பாவைக் காணோம். அறுத்துச் சுருட்டிய மூட்டை பரண்மேல் இருந்தது. குழி வெறுமையாக, பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. அக்காவின் மடியில் பாதிப் புடவை. "தெருவுல நான் ஒருத்திதான் அறுத்தேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "பாதிப் புடவைய யாரு கட்டுவா? நீ கட்டுறியா? பாதிக் கண்ணாலம் பண்ணிக்கினா கட்டலாம்." அவர் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அறுத்த இழையை ஒவ்வொன்றாகப் விழுதில் மிஞ்சி நின்ற பழைய இழையோடு முடிச்சுப் போட்டால்தான் மீண்டும் நெய்ய முடியும். இருவரும் பத்து நாளுக்கு மேல் முடிச்சுப் போட்டார்கள். கல்யாண வீட்டார் வேறு இடத்தில் புடவை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ நான் போனபோது அக்கா நிமிராமலேயே சொன்னார்: "அடுத்த வாட்டி மைக்குல நீ வந்தாலும் சரி, கலெக்டரே வந்தாலும் சரி, நான் எழுந்திருக்க மாட்டேன். தண்ணி வந்தா தறியோட போறேன்."

அதுதான் என்னை விடவில்லை. அடுத்த முறை தண்ணீர் உண்மையாகவே வரும், அந்த அம்மாள் குழியைவிட்டு எழமாட்டார், காரணம் நான். சாரிடம் போய்க் கேட்டேன்: தப்பான எச்சரிக்கைக்கு மற்ற நாடுகளில் யார் பொறுப்பு? அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். தப்பே சொல்லாத எச்சரிக்கை உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஜப்பானில் பேஸ்பால் ஆட்டத்தை வைத்து, பந்து படாமல் மட்டையை வீசினால் பரவாயில்லை, வீசாமல் நிற்பதுதான் குற்றம் என்கிற மாதிரி ஒரு பேச்சு உண்டாம். "நம்ம கிரிக்கெட்ல சொன்னா ஈசியா புரியும்மா. நீ போயி அவங்ககிட்ட சொல்லு." மடத்தனமாக நானும் போய்ச் சொன்னேன். அக்கா முடிச்சுப் போடும் கையை நிறுத்தினார். "வீசறது நீங்க. கை ஒடையறது எங்களுது. நல்ல ஆட்டம்மா இது."

அதற்குப் பிறகு சார் வைத்திருந்த கையேடுகளை, மொழிபெயர்க்க அல்ல, எனக்காகவே வாசித்தேன். வங்கதேசத்தில் புயல் வெள்ளத்துக்குத் தூண்மேல் காப்பிடங்கள் கட்டினார்கள். தொண்டர்கள் கொடியும் கை ஒலிபெருக்கியுமாகக் கிராமம் கிராமமாகப் போனார்கள். அப்படியும் பலர் வரவில்லை. ஏன் என்று கேட்டபோது, மாட்டை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார்களாம். அதனால் மாடுகள் ஏறி நிற்க மண்மேடு போட்டார்கள். நான்கே வரி. அதற்குப் படமில்லை என்பதால் சார் அதைக் காட்டியதே இல்லை. அதை வாசித்தபோது எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வது. உலகம் முழுக்கச் சுற்றிக் கதவையும் தொட்டியையும் பார்த்தோம். ஓர் ஊரில் ஆட்கள் எதை விட்டுவிட்டு வரமாட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த நாலு வரியை மட்டும் தாண்டிப் போய்விட்டோம். மாடுள்ள ஊரில் மாட்டைப் பற்றிக் கேட்டார்கள். தறியுள்ள ஊரில் நான் யாரையும் கேட்காமல் தறியை மாடாக்கினேன்.

மறுநாள் துண்டறிக்கை இல்லாமல், குறிப்பேடு இல்லாமல் அக்கா வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அறுக்காமல் தறியிலிருந்து பாவை எடுக்க வழியே இல்லையா? அக்காவின் வீட்டுக்காரர்தான் சொன்னார். "ஏன் இல்ல. அஞ்சு பேரு வேணும். பாவு தளராம ரெண்டு பேரு இழுத்துப் புடிக்கணும், ஒருத்தர் மேல தொங்கற கயிறுங்கள கழட்டணும், ரெண்டு பேரு சுருட்டிக்கினே வரணும். விழுதோட, அச்சோட அப்படியே சுருட்டிப் பரண்ல ஏத்திடலாம். மத்தியானம் ஆரம்பிச்சா விளக்கு வெக்கறதுக்குள்ள முடியும்." அன்றைக்கு ஏன் செய்யவில்லை என்றேன். "அன்னிக்கு அவரு ஐயம்பேட்டைக்குப் போயிருந்தாரு" என்றார் அக்கா. "நான் ஒண்டி. தெருவுல யாரும் உன்ன நம்பல, யாரு வருவா? ஒண்டியா இருந்தா அறுக்கத்தான் முடியும்." பிறகு முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "மூணு, நாலுன்னு நம்பரு சொல்லாத. எத்தினி மணி நேரம் இருக்குதுன்னு சொல்லு. வருமா வராதான்னு தெரியலன்னா, தெரியலன்னு சொல்லு. ஆளு அனுப்பு. அவ்ளோதான். இதுக்கு எதுக்குமா அத்தினி நாடு?"

இதை மூன்று பக்கமாக எழுதி சாரிடம் கொடுத்தேன். எச்சரிக்கையில் நிலைக்குப் பதில் மணிக்கணக்கு. ஆற்றோரத் தெருக்களுக்குத் தெருவுக்கு ஐந்து பேர். அவர் முழுவதும் வாசித்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா டெம்ப்ளேட்ல இதுக்கு எடமே இல்லியே" என்றார். கோப்பு மேலே போனது. சில மாதம் கழித்துத் திட்ட அறிக்கை வழவழப்பான தாளில் வந்தது. என் மூன்று பக்கம் அதில் இல்லை. நான் ஆட்டோவில் ஒலிபெருக்கியோடு நிற்கும் படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது. கீழே, மக்கள் பங்கேற்பின் சிறந்த முன்மாதிரி என்ற தலைப்பில், காஞ்சிபுரத்து நெசவாளர்கள் எச்சரிக்கை கிடைத்ததும் தறிகளை அவிழ்த்து உயரத்தில் வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு, கெவருமெண்டு புக்குல" என்றார். அவரிடம் எதைச் சொல்வது?

பிறகு சென்னையில் ஒரு விடுதியில் கருத்தரங்கு. ஐந்தாறு நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். சார் பேசினார். இதுவரை நாம் மற்ற நாடுகளைப் பார்த்தோம், இனி மற்ற நாடுகள் நம்மைப் பார்க்கட்டும் என்று சொல்லி என் படத்தைப் போட்டார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எந்த நாட்டிலோ எந்த ஆற்றங்கரையிலோ இதை யாராவது மொழிபெயர்த்து மைக்கில் வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்ததும் எழுந்துவிட்டேன். என் ஆங்கிலம் நன்றாகத்தான் இருக்கும், அன்று தடுமாறியது. அந்த வாக்கியம் பிழை, எழுதியது நான், தறியை அவிழ்க்க முடியாது, நம்பிய ஒரே பெண் பட்டுப் பாவை அறுத்தார், தண்ணீர் வரவில்லை என்றேன். சாப்பாட்டு வேளையில் சார் என்னைத் தனியாக அழைத்தார். கோபமாக இல்லை, களைப்பாகத்தான் இருந்தார். "உண்மையச் சொல்றதுக்கு ஒரு எடம் இருக்கும்மா." அந்த இடம் எது சார் என்றேன். ஒரு வாரத்தில் திருத்திய அறிக்கையை அனுப்பினார். என் படத்தை எடுத்திருந்தார். வாக்கியத்தை விட்டிருந்தார். மழைக்கு முன்பே வேறு நாட்டுத் திட்டத்துக்குப் போய்விட்டார். போகும்போது மேசையில் கையேடுகளையெல்லாம் எனக்கென்று அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அவரை முழுமனதாகத் திட்ட முடியாமல்போனது அதனால்தான்.

இந்த ஆண்டு ஐப்பசி முடியும்போது ஒரு காலையில் மறுபடியும் மூன்றாம் நிலை. ஐந்து பேர் கேட்ட என் கோப்பு 'பரிசீலனையில்' இருந்தது, இப்போதும் அங்கேதான் இருக்கிறது. நான் ஆட்டோவில் ஏறவில்லை. ஆற்றோரத் தெருக்களில் வீட்டுக்கு வீடு போய், தண்ணீர் வந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வரும், எட்டு மணி நேரம் இருக்கிறது, வராமலும் போகலாம் என்று சொன்னேன். அக்கா வீட்டில் எழுந்து நிற்காமல் கேட்டார்: "ஆளு?" அப்பாவும் அம்மாவும் முசரவாக்கத்திலிருந்து பஸ் ஏறிவிட்டார்கள் என்றேன். அக்கா கால்களைக் குழிக்கு வெளியே எடுத்து மடக்கிக்கொண்டார்.

அப்பா மூட்டை தூக்கிய கை; பாவைத் தளரவிடாமல் பிடிக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் மேலே ஏறிக் கயிறுகளைக் கழற்றினார். நானும் அப்பாவும் இழுத்துப் பிடிக்க, அக்காவும் அம்மாவும் இரண்டு பக்கமும் குந்திச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். "ஒம் பொண்ணு தறிய மாடுன்னு எழுதிச்சு, தெரியுமா?" என்றார் அக்கா. அம்மா நிமிரவில்லை. "எங்க ஊட்ல மாடுதாம்மா இருக்குது. நாலு நாளு இங்க வந்து ஒக்காந்திருந்தா ஒழுங்கா எழுதியிருக்கும். படிச்சதுங்களுக்குக் கேக்கறதுக்கு வாய் வராது." எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டிலும் ஆள் தேடும் சத்தம் கேட்டது. வெளிச்சம் போவதற்குள் மொத்தமும், ஓர் இழைகூட அறுபடாமல், பரண்மேல் ஏறியது.

தண்ணீர் வந்தது. குழிக்குள் ஊறி முழங்கால் அளவு நின்றது. தெருவில் படியைத் தொட்டுவிட்டு, பொழுது விடிவதற்குள் இறங்கிப்போனது. பாவு அதன் இடத்திலேயே இருந்திருந்தாலும் நனைந்திருக்காது. அதாவது, கணக்குப்படி, இந்த முறையும் பாவைக் கழற்றியது வீண். காலையில் போய் வாசலில் நின்றேன். அக்கா குழியிலிருந்து வாளியில் தண்ணீரை மொண்டு தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தார். "என்னா நிக்கற? கொழி காய ரெண்டு நாளாவும். வியாழக்கெழம காலையில தறியில திரும்ப ஏத்தணும். எறக்க அஞ்சு பேருன்னா ஏத்தவும் அஞ்சு பேருதான். ஒங்க அம்மாவ கண்டிப்பா கூட்டியா, அதுக்குக் கை நல்லா இருக்குது. நீ சுமார்தான்."

அலுவலகத்தில் வியாழக்கிழமைக்கு விடுப்பு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'தறி ஏற்ற' என்று போட்டேன். திட்டத்தின் வேலையைத்தானே செய்யப்போகிறேன், இதற்கு ஏன் விடுப்பு என்று கேட்கக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது. மேலாளர் அதைத் திருப்பிக் கொடுத்து, 'சொந்த வேலை' என்று மாற்றி எழுதச் சொன்னார். நான் மாற்றவில்லை.